துணைக்கு வந்த ரத்தம்

ஜூன் 9

மைனஸ் எண்பது ஃப்ரீசர் மறுபடி கத்துகிறது. கதவு ரப்பரில் ஐஸ் கட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். இது என் வேலை இல்லை. நான் செய்யாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பதினொரு மணிக்கு பரமகுரு மாமா போன். அம்மாவின் தம்பி, என் அக்கா சங்கரியைக் கட்டியவர். அருப்புக்கோட்டையில் லைன்மேன். கம்பத்து மேல் நின்று கத்திக் கத்தி, போனிலும் கத்தித்தான் பேசுவார். இன்று மெதுவாகப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"மாப்ள, அதிரா பாப்பாவுக்கு அக்குள்ல கட்டி இருந்துச்சுல்ல, ஒடஞ்சிருச்சு. மூணு வாரமா காய்ச்சல் நிக்கல. மதுரைல சேர்த்திருக்கோம்."

"எந்தப் பக்க அக்குள்?"

"எடது."

"பொறந்தப்ப காசநோய்த் தடுப்பூசி எந்தக் கையில போட்டாங்க?"

"எடது கையிலதான். ஏன் மாப்ள?"

ஏன் என்று சொல்லவில்லை. "வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை.

ஜூன் 10

மதுரை டாக்டரிடம் பேசினேன். குழந்தைக்கு ஏழு மாதம். ஈரல் வீங்கியிருக்கிறது. கட்டியின் சீழில் கிருமி தெரிகிறது. வழக்கமான காசநோய் மருந்து ஆரம்பித்துப் பதினைந்து நாள், அசையவில்லை.

தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமிதான், பல் பிடுங்கிய கிருமி. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கையில் ஒரு தழும்போடு முடிந்துவிடும். அந்தப் பல்லில்லாத கிருமியே ஈரல் வரை போகிறது என்றால் கோளாறு ஊசியில் இல்லை, உடம்பில். ஒரே வீட்டில் ஒரே காற்றைக் குடிக்கிற ஐந்து பேரில் ஒருவரை மட்டும் ஏன் காசநோய் பிடிக்கிறது என்பதுதான் எங்கள் லேபில் மூன்று வருடமாக நான் பார்க்கிற வேலை. இத்தனை நாள் அந்த ஒருவருக்கு ஒரு எண் மட்டும் இருந்தது.

தண்ணீர் கேன்காரன் இன்றும் வரவில்லை.

ஜூன் 11

எமெல்டா மேடத்திடம் கேட்டேன். லேபின் தலைவர். தூத்துக்குடிக்காரர். அவரிடம் சுற்றி வளைத்தால் கோபம் வரும், அதனால் நேராகச் சொன்னேன். என் அக்கா குழந்தை. ரத்தத்தை இங்கே கொண்டுவந்து கிருமியைக் கண்டால் அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றனவா என்கிற சிக்னல் பரிசோதனை செய்ய வேண்டும்.

"செய்யலாம். பிளேட்டை நீ போடு. ஆனா நீ படிக்கக் கூடாது. ரிஸ்வானா படிக்கட்டும்."

"எனக்குப் படிக்கத் தெரியும் மேடம்."

"தெரியும்னுதான் சொல்றேன்."

ரிஸ்வானா பக்கத்து பெஞ்ச்சில் இருந்து சிரித்தாள். "சார் கண்ணுல மீட்டரே இருக்கு மேடம், மெஷினே வேணாம்."

ஜூன் 12

படிவம் நிரப்பி மதுரைக்கு அனுப்பினேன். நான்கு பக்கம், எட்டு நிமிடம். வயது, எடை, ஊசி போட்ட தேதி, பெற்றோர் உறவுமுறை: தாய்மாமன். குடும்பத்தில் வேறு யாருக்கும் காசநோய்: இல்லை.

மாமாவுக்குப் போனில் பாடம் எடுத்தேன். இரண்டு குழாய். ஒன்றில் குழந்தை ரத்தம், ‘பி’ என்று ஒட்ட வேண்டும். இன்னொன்றில் சொந்தமில்லாத, நோயில்லாத ஒருவர் ரத்தம், ‘சி’ என்று ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரே பெட்டியில் வர வேண்டும். வழியில் ரத்தம் கெட்டுப்போனால் அந்தத் துணைக் குழாயும் கெட்டிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிப்போம்.

"ஐஸ் வைக்கக் கூடாது. வெயில்ல வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது மாப்ள. துணைக்கு எங்க செக்‌ஷன் செல்லப்பாண்டிய கூப்புடுறேன். யானை மாதிரி இருப்பான், ஒரு லிட்டர் வேணும்னாலும் குடுப்பான்."

"ரெண்டு மில்லி போதும்."

அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வார்டு கட்டிலில் அவள், மடியில் அதிரா. மூக்கில் குழாய். ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள். "அய்யோ, குட்டி. உங்க அக்காவுக்குக் கழுத்துல என்ன தழும்பு?"

"சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்துட்டா."

போனைத் திருப்பி வைத்தேன்.

ஜூன் 13

மாமா வைகை எக்ஸ்பிரஸில் வந்தார். எழும்பூரில் நான் காத்திருந்தேன். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தபடியே வந்திருக்கிறார். சாப்பிடவில்லை. டீ கூட ஒரு கையால்தான் குடித்தாராம்.

அவரை அறைக்கு அனுப்பிவிட்டு நேராக லேப். 3.20க்குப் பிளேட் போட்டு முடித்தேன். ஆளுக்கு நான்கு குழி. ஒன்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கிருமி. மூன்றாவதில் கிருமியோடு, அணுக்கள் உதவிக்குக் கூப்பிட அனுப்புகிற இன்டர்லூகின்-12. நான்காவதில் உயிருள்ள எந்த ரத்த அணுவையும் தூண்டிவிடுகிற மருந்து. மூன்று ஆள்: பி, சி, அப்புறம் நான். லேபில் ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமென்றால் எப்போதும் எங்களில் ஒருவர்தான் கை நீட்டுவோம்.

இனி நாற்பத்தெட்டு மணி நேரம் ஊற வேண்டும், நிறம் வர அதன் பிறகு இன்னொரு இரவு. அணுக்கள் பதில் சொன்ன குழி மஞ்சளாகும்.

மாமா இரவு என் கட்டிலில், நான் தரையில். அவர் தூங்கவில்லை. நானும்தான்.

ஜூன் 14

மாமா ஊருக்குப் போகும் முன் கேட்டார்: "ஊசி போட்ட நர்ஸ் மேல தப்பா மாப்ள?"

"இல்ல. எல்லாருக்கும் போடுறதுதான். போட்டே ஆகணும்."

"அப்ப யாரு மேல?"

"தப்புன்னு ஒண்ணு இருந்தாத்தான யாரு மேலன்னு கேக்கலாம்?"

பதில் சரிதான். சொன்ன விதம் சரியில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஜூன் 16

ரிஸ்வானா மகனின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங், பதினொன்றுக்கு வருகிறேன் என்றாள். நிறம் ஏறுவதை நிறுத்தும் அமிலத்தை ஊற்றினால் அரை மணிக்குள் படிக்க வேண்டும். அவள் வருவதற்குள் நேரம் போய்விடும். அவள் வருமுன்பே ஊற்றியது யார் என்றால், நான்தான்.

9.40க்கு நானே படித்தேன்.

என் வரிசை: இரண்டாவது குழி மஞ்சள், மூன்றாவது நல்ல மஞ்சள், நான்காவது எலுமிச்சம்பழம் போல. பிளேட் சரியாக வேலை செய்திருக்கிறது.

பி வரிசை: வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நான்காவதில் மங்கலாகக் கொஞ்சம். ஓரக் குழி, ஓரத்தில் அப்படி ஆகும்.

சி வரிசையும் அதே. செல்லப்பாண்டியின் யானை ரத்தமும் வெள்ளை.

துணை ரத்தமே செத்திருக்கிறது. ஆக, வழியில் இரண்டும் கெட்டுவிட்டன. ‘சாம்பிள் பழுது’ என்று எழுதி மூடினேன். மெஷினில் எண்களைச் சேமித்தேன், பிளேட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ரிஸ்வானா வந்து, "எனக்கு விட்டு வைக்கலையா?" என்றாள். "பார்க்க ஒண்ணுமில்ல" என்றேன்.

மாமாவுக்குப் போன் செய்து, ஐஸ் வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய் சொல்லாதீர்கள் என்றேன்.

"குளிர் ஆகாதுன்னு நீ சொன்னதால ஏசி கோச்சுல சீட்டு இருந்தும் ஏறல மாப்ள. எட்டு மணி நேரம் மடியிலதான் வச்சிருந்தேன்."

"அப்ப உங்க மடிச் சூடுதான் கெடுத்திருக்கு" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

ஜூன் 17

மதுரை டாக்டர் இன்னொரு முறை ரத்தம் தர மாட்டேன் என்கிறார். ஹீமோகுளோபின் ஆறு. பத்து நாளாவது போக வேண்டும்.

காய்ச்சல் 102.6.

ஜூன் 19

103. துணி துவைத்தேன்.

ஜூன் 21

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். மாமா என்னிடம் பேசவில்லை, அக்காதான் சொன்னாள். "மருந்து மாத்தலாமான்னு டாக்டர் யோசிக்கிறாரு. எதுக்கு மாத்தறதுன்னு தெரியாம மாத்த முடியாதாம். உன் டெஸ்ட்டைத்தான் நம்பிட்டு இருக்காரு தம்பி."

"அனுப்புன ரத்தம் கெட்டுப்போச்சுன்னா நான் என்னக்கா பண்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலையேடா."

அவள் என்னவோ சொல்ல வந்து நிறுத்தினாள். நானும் கேட்கவில்லை, மெஸ் மூடுகிற நேரம்.

ஜூன் 25

ரிஸ்வானா மாதக் கோப்புக்காக மெஷினில் இருந்து எண்களை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு என் பெஞ்ச்சுக்கு வந்து ஒரு தாளை வைத்தாள்.

"இது உங்க பதினாறாம் தேதி பிளேட்டு. பி, நாலாவது குழி, பாயின்ட் நாலு ஒண்ணு. சி, நாலாவது குழி, பாயின்ட் நாலு ஆறு."

"ஓரக் குழி."

"உங்க வரிசையும்தான் ஓரத்துல முடியுது. அது மட்டும் சரியா?" உட்கார்ந்துவிட்டாள். "தவசி, செத்த செல்லு எப்படிங்க மஞ்சளாகும்? அந்த மருந்துக்குப் பதில் சொல்லியிருக்குன்னா செல்லு உயிரோட இருக்கு. கொஞ்சமா கத்துது, ஆனா கத்துது. கிருமியப் பாத்தாத்தான் கத்தல. இன்டர்லூகின் குடுத்தும் கத்தல. ஏன்னா அதுக்குக் கேக்கல."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற படம். கிருமியை விழுங்கிய செல் ஒன்று உதவிக்கு ஆள் கூப்பிட இன்டர்லூகின்-12 அனுப்பும். பக்கத்துச் செல்லின் மேல் அதைக் கேட்கிற காது ஒன்று இருக்கும். கேட்டதும் அந்தச் செல் இன்டர்ஃபெரான் காமா அனுப்பும், அது வந்து சேர்ந்தால்தான் முதல் செல்லால் கிருமியைக் கொல்ல முடியும். காது இல்லையென்றால் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குழந்தைக்கு அந்தக் காது இல்லை. பதினாறாம் தேதியே அது பிளேட்டில் இருந்தது.

"சரி. அது பாப்பா" என்றேன். "ஆனா சி? அவர் ஊரையே தூக்குற ஆளு, நல்லா இருக்காரு. அவருக்கும் அதே வருதுன்னா?"

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். "அந்த சி யாருங்க?"

ஜூன் 25, மாலை

மாமா போனை எடுத்தார்.

"மாமா, சி குழாய் செல்லப்பாண்டியோடதுதானே?"

செருமினார்.

"மாமா."

"ஆபீஸ்ல எப்படி மாப்ள கேக்கறது? எதுக்குன்னு கேப்பான். கொழந்தைக்கு டிபின்னு சொன்னா நாளைக்கு எல்லாரும் கேரியரத் தள்ளி வச்சுச் சாப்புடுவானுங்க. அக்காகிட்ட குடுக்கறேன்."

அக்கா வந்தாள்.

"நான்தான்டா குடுத்தேன்."

"சொந்தம் வேணாம்னு சொன்னேன்ல?"

"கொழந்தைக்குத் தாயோட ரத்தத்த விட யாரு ரத்தம்டா துணை? நல்ல ரத்தம்தானேன்னு குடுத்தேன். நான் நல்லாத்தான இருக்கேன்?"

நன்றாகத்தான் இருக்கிறாள். இருபத்தேழு வயது. ஒரு காய்ச்சல்கூட வந்து நான் பார்த்ததில்லை, ஒன்பது வயதுக்குப் பிறகு.

ஜூன் 26

எனக்குத் தெரியாது என்று எழுத ஆரம்பித்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

தெரியும். அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. வெட்டி எடுத்தார்கள். வருடம் முழுக்க மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்ததற்கு அப்பா அடித்தார். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் சைக்கிளில் இருந்து விழுந்தாள் என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்கு மட்டும் தனியாக மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். சைக்கிள் என்ன நிறம் என்பது வரைக்கும். பச்சை. எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.

பிறகு கல்யாணப் பேச்சு. சிவகாசியில் இருந்து ஒரு வரன், நல்ல இடம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அம்மா தன் தம்பிக்குப் போன் செய்தாள். வெளியில் கொடுத்தால் கேட்பார்கள், தம்பி கேட்க மாட்டான். மாமா கேட்கவில்லை. இந்த நிமிடம் வரை கேட்டதில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். பழுதான ஒரே மரபணு இரண்டு பக்கமிருந்தும் அக்காவுக்கு வந்திருக்கிறது. அவளிடமிருந்து ஒன்று, மாமாவிடமிருந்து ஒன்று அதிராவுக்கு. அந்த நோயை மறைக்கச் செய்த கல்யாணம்.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. கையே எழுதிவிட்டது.

ஜூன் 26, மாலை

மேடத்திடம் சொன்னேன், எல்லாம். பிளேட்டை நானே படித்தது, தூக்கிப் போட்டது, படிவம், சைக்கிள்.

பேனாவை மூடி வைத்தார். பிறகு, "திட்டணும். அப்புறம் திட்டுறேன். மதுரை டாக்டர் நம்பர் குடு" என்றார்.

போனிலேயே மருந்தை மாற்றச் சொன்னார். இந்தக் கிருமிக்குக் கேட்காத மாத்திரையை நிறுத்தி வேறு. காது இல்லை என்று உறுதியானால், செல் தானாக அனுப்ப முடியாத இன்டர்ஃபெரானை வெளியிலிருந்தே ஊசியாகப் போடலாம். ஆனால் உறுதியாக வேண்டும். சிக்னல் வேறு இடத்தில் அறுந்திருந்தால் ஊசியால் பயனில்லை.

"பத்து நாள் போச்சு மேடம்."

"எண்ணிட்டு நிக்காத. ட்ரெயினைப் புடி."

ஜூன் 27

மதுரை. வார்டில் பத்து கட்டில். அதிரா பாதியாகியிருக்கிறாள். என் விரலைப் பிடித்தாள், பிடி மட்டும் பலமாக இருக்கிறது.

மாமா என்னைப் பார்த்து எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவர் முந்திக்கொண்டார்: "சாப்ட்டியா மாப்ள?"

வெளியே காரிடாரில் விளக்கினேன். பிளேட், குழி எல்லாம் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: "லைன்ல எங்கயோ ஃபால்ட்டு. நீங்க சப்ஸ்டேஷனுக்கு போன் போடறீங்க. மணி அடிக்குது. அங்க ரிசீவரே இல்ல. நீங்க கம்பத்துலயே நின்னு கூப்புட்டுட்டே இருக்கீங்க."

தலையாட்டினார். "சங்கரிக்கும் ரிசீவர் இல்லையா?"

"அப்படித்தான் தெரியுது. இருந்தும் தப்பிச்சிட்டா. சில பேர் வாழ்நாள் பூரா தப்பிச்சிருவாங்க. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"அவ கழுத்து..." என்றார்.

"சைக்கிள் இல்ல மாமா."

"தெரியும் மாப்ள. எங்கக்கா வீட்டுல சைக்கிள் ஏது?"

ஜூன் 28

விடியற்காலை ரத்தம் எடுத்தார்கள். அதிரா, அக்கா, மாமா. துணைக்குச் சொந்தமில்லாத ஆள் வேண்டுமே என்று நான் விழிக்கும்போது அக்கா வார்டு வாட்ச்மேனிடம் போனாள். அறுபது வயது, மாரிச்சாமி.

"அண்ணே, எம் பொண்ணுக்கு டிபி மாதிரி ஒரு நோய். எனக்கும் சின்னதுல வந்துச்சு. டெஸ்ட்டுக்கு ஒரு நல்ல ரத்தம் வேணுமாம், தருவீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மாரிச்சாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "என் ரத்தம் நல்லதுன்னு முதல்முதலா ஒரு ஆளு சொல்லுது. எடுங்கம்மா" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எட்டு மணி நேரம். டீ ஒரு கையால்.

ஜூலை 1

செல்களை வளர்த்து, காதுக்குச் சாயம் போட்டு மெஷினில் விட்டோம். நான் இயக்கினேன். ரிஸ்வானா தனியாக, பெயர் தெரியாமல் எண்களை மட்டும் வைத்துப் படித்தாள். நான் வெளியே நின்றேன். நாற்பது நிமிடம் நோட்டீஸ் போர்டைப் படித்தேன். தீயணைப்பு விதிகள் பதினாறு.

வாட்ச்மேன்: காது இருக்கிறது. மாமா: இருக்கிறது. அக்கா: இல்லை. அதிரா: இல்லை.

மற்ற சிக்னல்களும் பார்த்தோம். இன்டர்ஃபெரானைக் கேட்கிற இன்னொரு காது அதிராவுக்கு முழுசாக இருக்கிறது. ஊசி கேட்கும்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். ரிஸ்வானா ஒன்றும் கேட்கவில்லை, ஒரு காப்பி வாங்கி வைத்திருந்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஜூலை 4

முதல் ஊசி. வாரத்துக்கு மூன்று. 102.8.

ஜூலை 6

103.1. ஊசி போட்டால் முதலில் ஏறலாம் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன.

ஜூலை 9

102. ஆக்சிஜன் குறைத்திருக்கிறார்கள். ஃப்ரீசர் ரப்பரை ஒருவழியாக மாற்றினார்கள்.

ஜூலை 12

மதுரைக்கு மறுபடி. டாக்டர் குடும்ப வரைபடம் போட வேண்டும் என்றார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. எங்கள் வீட்டுப் படத்தில் ஒற்றைக் கோடே வரவில்லை. நோய் வந்தவர்களைக் கறுப்பாக்க வேண்டும்.

நான்தான் வரைந்தேன். அதிராவின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அக்காவின் வட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என் கையில் இருந்து பேனாவை வாங்கினாள். வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி, கோட்டைத் தாண்டாமல், வெள்ளை துளியும் தெரியாமல் போகும் வரை நிரப்பினாள். புடவைத் தலைப்பு தோளில் இருந்து நழுவியது, எடுத்துவிடவில்லை.

"ஒன்பது வயசுல" என்றாள் டாக்டரிடம். "எழுதிக்கோங்க சார்."

அம்மா எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று இளநீரோடு வந்தாள். ஒன்றை அக்காவிடம் முதலில் கொடுத்தாள்.

பழைய படிவத்தையும் கேட்டு வாங்கினேன். ‘இல்லை’யை அடித்து ‘ஆம், தாய்’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

ஜூலை 15

மேடம் இன்று திட்டினார். பாக்கி வைக்கவில்லை.

ஜூலை 19

மதுரை. அதிரா காலை 6 மணி: 98.8. இரண்டு மாதம் ஆகிறது நூறுக்குக் கீழே வந்து.

தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்தேன். 98.8. மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அக்கா படித்தாள். போட்டோ எடுத்து ரிஸ்வானாவுக்கும் அனுப்பினேன், நான் படித்த எண்ணைச் சொல்லாமல், பாதரசக் கோடும் அளவும் தெரிகிற மாதிரி. கீழே எழுதினேன்: நீ என்ன படிக்கிறாய், சொல்.